ஒன்றேகால் கிராம் ஹைட்ரஜன்

எங்கள் வீடு பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் விடிகாலை முதல் லோக்கல் போகும் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்காருவேன். இப்போதெல்லாம் வண்டி ஓடாத பந்த் நாட்களில்தான் தூக்கம் கலைகிறது. மனுஷனுக்கு எதுவும் பழகிவிடும். இரும்புக்குப் பழகுமா என்பதுதான் இந்தப் பதிவு.

நான் படித்தது பி.காம். வங்கியில் கடன் பிரிவில் வேலை. உலோகத்துக்கும் எனக்கும் உள்ள உறவு லாக்கர் சாவியோடு சரி :-) இருந்தாலும் இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய காரணம்.

சில வருடங்களுக்கு முன்பு ஹௌராவிலிருந்து ஒரு சின்னத் தொழிற்சாலையின் கடன் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. பெலிலியஸ் ரோடு பக்கம் லேத் பட்டறைகளும் வார்ப்படப் பட்டறைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி இடம். உரிமையாளர் அறுபது வயது வங்காளிப் பெரியவர். இயந்திரங்களுக்கான உயர் வலிமை போல்ட் செய்து, துத்தநாக முலாம் பூசி விற்பவர். முலாம் பூசும் தொட்டிகளுக்கும் ஒரு ஓவனுக்கும் சேர்த்துக் கடன் கேட்டிருந்தார்.

தொட்டி சரி. ஓவன் எதற்கு? முலாம் பூசி, கழுவி, பளபளவென்று இருக்கும் போல்ட்டை எதற்காக மறுபடி எட்டு மணி நேரம் சுட வேண்டும்? "அது வெந்தால்தான் ஸார் உள்ளே இருப்பது வெளியே போகும்" என்றார் பெரியவர். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. உற்பத்தியைக் கூட்டாத செலவு என்று எழுதி, ஓவனை மட்டும் வெட்டிவிட்டுக் கடனை அனுமதித்தேன். திட்டச் செலவைக் குறைத்த திருப்தியோடு அன்றைக்கு லேக் மார்க்கெட்டில் ஃபில்டர் காபி குடித்தது கூட நினைவிருக்கிறது.

ஒரு வருடம் கழித்துப் பெரியவர் வந்தார். தவணையைத் தள்ளிப்போட வேண்டுமாம். ஒரு பெரிய சரக்கு முழுவதும் திரும்பி வந்துவிட்டது. சாயங்காலம் முடுக்கிவிட்டுப் போன போல்ட்டுகளில் சில காலையில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்ததாம். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. உடைந்த இரண்டு போல்ட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, "ஹைட்ரஜன் ஸார்" என்றார். ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அதுதான் ரொம்ப உறுத்தியது.

அன்று ராத்திரி ஆரம்பித்தது இந்தப் படிப்பு. போல்ட்டில் தொடங்கித் தண்டவாளத்தில் வந்து நின்றது.

சரி, கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

1875ல் மான்செஸ்டரைச் சேர்ந்த டபிள்யூ. எச். ஜான்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை வாசித்தார். கம்பியை நீட்டி இழுப்பதற்கு முன்னால் துருவை நீக்க ஆசிட் தொட்டியில் முக்குவது வழக்கம். அப்படிச் சில நிமிடம் முக்கி எடுத்த இரும்பு, எப்போதும் போல் வளையாமல், பட்டென்று முறிவதைக் கவனித்தார் ஜான்சன். முறிந்த இடத்தைக் கொஞ்சம் ஈரமாக்கினால் அங்கிருந்து நுரை கிளம்பியது. இரும்புக்குள்ளிருந்து குமிழிகள்! அதைவிட ஆச்சரியம், அதே கம்பியைச் சில நாள் சும்மா போட்டுவைத்தால் பழைய வலு திரும்பிவிட்டது. சூடாக்கினால் இன்னும் சீக்கிரம் திரும்பியது. நோயும் மருந்தும் ஒரே கட்டுரையில். நான் வெட்டிய ஓவனுக்கு அப்போதே வயது கிட்டத்தட்ட நூற்றைம்பது!

நடப்பது இதுதான். ஆசிட்டும் இரும்பும் சேரும்போது ஹைட்ரஜன் அணுக்கள் தோன்றுகின்றன. பெரும்பாலானவை இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயுவாகி மேலே போய்விடும். ஜோடி சேராத சில அணுக்கள் இரும்புக்குள் நுழைந்துவிடும். ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது. இரும்பணுக்களுக்கு நடுவே உள்ள சந்து அதற்குப் போதும். மின்முலாம் பூசும்போதும் துத்தநாகத்தோடு கொஞ்சம் ஹைட்ரஜனும் போல்ட்டின் மேல் வந்து சேர்கிறது. அதனால்தான் முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி சூட்டில் வைத்து அதை விரட்ட வேண்டும். மெத்தென்ற சாதாரண இரும்பு இதைத் தாங்கிக்கொள்ளும். கடினமான உருக்குதான் தாங்காது. ஆள் எவ்வளவு முறுக்கோ அவ்வளவு சீக்கிரம் உடைவான் என்று என் பெரியப்பா சொல்வார். உருக்குக்கும் அது பொருந்துகிறது.

இன்னொரு கிளைக்கதை, உலோக அயர்ச்சி. இன்ஜினியர்கள் ஃபெட்டீக் என்பார்கள். பரிசோதனை உங்கள் மேஜையிலேயே இருக்கிறது. ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து முன்னும் பின்னும் வளையுங்கள். முதல் தடவை உடையாது. பத்தாவது, பதினைந்தாவது தடவை உடைந்துவிடும். கடைசித் தடவை நீங்கள் அதிக பலத்தைப் போடவில்லை. முதலிலிருந்தே உள்ளே ஒரு விரிசல் தவணை முறையில் வளர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

1842 மே 8ல் வெர்சாய் தோட்டத் திருவிழா முடிந்து பாரீஸ் திரும்பிய ரயிலில் என்ஜினின் அச்சு ஒன்று முறிந்து, வண்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. பெட்டிக் கதவுகளை வெளியே பூட்டியிருந்தார்கள். ஐம்பது பேருக்கு மேல் வெந்து செத்தார்கள். உலகையே கப்பலில் சுற்றி வந்த துமோன் துர்வில் என்ற மாலுமியும் குடும்பத்தோடு அதில் போனார். நல்ல இரும்பு ஓடி ஓடிப் 'படிகமாகி'விடுகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அப்படியல்ல, அச்சின் தடிமன் மாறும் மூலையில் சிறு விரிசல் தொடங்கி மெல்ல உள்ளே போகிறது என்று அடுத்த ஆண்டே சொன்னவர் ராங்கின். பிறகு பிரஷ்ய ரயில்வேயைச் சேர்ந்த வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளை லட்சக்கணக்கான தடவை சுழற்றிப் பார்த்து, எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுற்று தாங்கும் என்று கணக்கே போட்டுவிட்டார்.

ஆக, ஹைட்ரஜன் தனிக்கதை, அயர்ச்சி தனிக்கதை. இரண்டும் தண்டவாளத்துக்குள் சந்தித்துக்கொண்டதுதான் விபரீதம்.

1911 ஆகஸ்ட் 25. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து மான்செஸ்டர் என்ற ஊர் (ஜான்சனின் மான்செஸ்டர் வேறு). லீஹை வேலி ரயில்வேயின் வண்டி ஒன்று பாலத்தைக் கடக்கும்போது தடம் புரண்டு பெட்டிகள் கீழே விழுந்தன. 29 பேர் பலி. உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கிழவர்கள், ராச்செஸ்டரில் நடந்த தங்கள் சங்க மாநாட்டுக்குப் போய்வந்தவர்கள், பலர் அந்த வண்டியில் இருந்தார்கள். தண்டவாளம் பல துண்டுகளாக உடைந்திருந்தது. ஜேம்ஸ் ஹோவர்ட் என்ற இன்ஜினியர் துண்டுகளை ஆராய்ந்தார். தண்டவாளத்தின் தலைப் பகுதிக்கு நடுவில், வெளியே எந்த அடையாளமும் இல்லாமல், வெள்ளி போல் மின்னும் முட்டை வடிவத் தழும்பு. உள்ளேயே பிறந்து உள்ளேயே வளர்ந்த குறுக்கு விரிசல். காற்றே படாததால் துருவும் இல்லை.

அப்புறம் பார்த்தால் ஊரெங்கும் இதே தழும்பு. ரயில்வேக்காரர்கள் "உங்கள் உருக்கு மோசம்" என்றார்கள். உருக்காலைக்காரர்கள் "உங்கள் சக்கரம் பாரம் அதிகம்" என்றார்கள். வங்கியில் வாராக்கடன் வந்ததும் கிளையும் மண்டல அலுவலகமும் ஒருவரையொருவர் கைகாட்டுவது போலத்தான் :-) இந்தச் சண்டை இருபது வருடத்துக்கு மேல் ஓடியது.

1930களில்தான் விடை தெளிவானது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மூர் தலைமையில் நடந்த தண்டவாள ஆராய்ச்சி ஒரு பக்கம், கனடாவில் நோவா ஸ்கோஷியா உருக்காலையைச் சேர்ந்த மக்கி மறு பக்கம். குற்றவாளி ஹைட்ரஜன்.

அது எப்படி உள்ளே வந்தது? உருக்கு காய்ச்சும்போது போடும் சுண்ணாம்பில் ஈரம், துருப்பிடித்த பழைய இரும்பில் ஈரம், கொப்பரையின் செங்கல் பூச்சில் ஈரம். அந்தத் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் உருகிய இரும்பில் கரைகிறது. உருகிய நிலையில் ஒரு டன் இரும்பு சுமார் 25 கிராம் வரை ஹைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆறிக் குளிர்ந்த பிறகு ஒரு கிராமுக்குக்கூட உள்ளே இடமில்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு சியால்டாவில் கிளம்பும் லோக்கலை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ஏறிய கூட்டம் அப்படியே இருக்க, பெட்டி மட்டும் சுருங்கினால் என்ன ஆகும்? மெல்ல ஆறினால் ஹைட்ரஜன் தப்பி வெளியே போய்விடும். வேகமாக ஆறினால் உள்ளே இருக்கும் நுண்ணிய பொத்தல்களிலும் கசடுகளின் ஓரங்களிலும் போய் அடைந்து, அங்கே உருக்கைக் கிழித்துவிடும். மயிரிழை போன்ற இந்தக் கீறல்களுக்கு ஃபிளேக் என்று பெயர். தண்டவாளம் உருட்டி முடித்து 200 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் இவை பிறக்கும். வெளியே பார்த்தால் புத்தம் புது தண்டவாளம், மேலே உருக்காலையின் முத்திரை வேறு.

பிறகு அதன் மேல் சக்கரம் ஓடுகிறது. பன்னிரண்டு பெட்டி லோக்கல் என்றால் பெட்டிக்கு எட்டுச் சக்கரம், ஒரு பக்கத் தண்டவாளத்துக்கு 48. நாளைக்கு நூறு வண்டி என்று வைத்துக்கொண்டால் 4,800 அழுத்தம். வருடத்துக்குப் பதினேழரை லட்சம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் விரிசல் ஒரு துளி நகர்கிறது. வெறும் உருக்கில் விரிசல் தொடங்குவதற்கே நெடுங்காலம் ஆகும். ஃபிளேக் இருந்தால் அந்தக் காலம் முழுவதும் மிச்சம். விரிசல் பிறக்கும்போதே நடக்கத் தெரிந்த குழந்தையாகப் பிறக்கிறது.

ஹைட்ரஜன் செய்யும் இரண்டாவது வேலை இன்னும் நுட்பமானது. விரிசலின் முனை எங்கே இழுபடுகிறதோ அங்கே ஹைட்ரஜன் அணுக்கள் நகர்ந்து வந்து சேரும். அணுக்களின் பிடிப்பை அவை தளர்த்துகின்றன என்பது ஒரு விளக்கம். முனையில் மட்டும் உருக்கை எளிதாக நழுவ வைக்கின்றன என்பது 1972ல் பீச்சம் என்பவர் வைத்த இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம் என்பார் இன்று பலர். விளைவில் சண்டை இல்லை. ஹைட்ரஜன் வாயுச் சூழலில் உருக்கின் அயர்ச்சி விரிசல் பத்து மடங்கோ அதற்கு மேலோ வேகமாக வளர முடியும். ஒரு வேடிக்கை, பாரம் மெதுவாக ஏறி இறங்கினால் ஒரு சுற்றுக்கான சேதம் அதிகம். ஹைட்ரஜன் நடந்து வந்து சேர அவகாசம் கிடைக்கிறதே!

மருந்து? மக்கி செய்தது எளிமையானது. சூடான தண்டவாளங்களை அப்படியே மூடிய பெட்டிகளில் அடுக்கி, பல மணி நேரம் மெல்ல ஆறவிட்டார். உட்பிறந்த குறுக்கு விரிசல் அதன் பிறகு வந்த தண்டவாளங்களில் அரிதாகிவிட்டது. ஆனால் பெட்டிக்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும். 1954ல் அமெரிக்காவில் சிகாகோவின் ரிட்ஜ்லேண்ட் உட்பட சில மின்நிலையங்களில் ராட்சத சுழலிகள் உடைந்து சிதறின. அங்கேயும் ஃபிளேக் மேல் விரல் நீண்டது. ஆறும்போது விரட்டுவதைவிட, உருகியிருக்கும்போதே வெற்றிடத்தில் உறிஞ்சிவிடுவது மேல் என்ற யோசனை அந்தப் பத்தாண்டில் ஜெர்மனியில் வேகம் பிடித்தது. ஆர்.எச். வாயு நீக்கி என்ற இயந்திரம் அப்படி வந்ததுதான். கொப்பரைக்குள் இரண்டு குழாய்க் கால்களை விட்டு, ஒன்றின் வழியாக உருகிய உருக்கை வெற்றிடத்துக்குள் ஏற்றி, மற்றொன்றின் வழியாக இறக்குவார்கள். மேலே போன ஹைட்ரஜன் திரும்பி வராது.

நம் ஊருக்கு வருவோம். ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலை உருக்கு உருட்டத் தொடங்கியது 1912ல். முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்குப் போன தண்டவாளங்கள் அங்கே செய்தவைதான். சுதந்திரத்துக்குப் பிறகு சோவியத் உதவியோடு பிலாய். அதன் முதல் ஊதுலையை 1959 பிப்ரவரியில் ராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். நம் ரயில்வேயின் தண்டவாளத்துக்கு நெடுங்காலம் பிலாய்தான் ஆதாரம்.

1998 நவம்பர் 26. நான் அப்போது பி.காம். மாணவன். காலேஜ் நூலகத்தில் மறுநாள் பேப்பரில் பார்த்த படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பஞ்சாபில் கன்னா என்ற ஊருக்குப் பக்கத்தில், விடிகாலை சுமார் மூன்றேகால் மணி. அமிர்தசரஸ் போகும் ஃப்ரான்டியர் மெயிலின் ஆறு பெட்டிகள் தடம் புரண்டு அடுத்த பாதையில் விழுந்தன. எதிர்ப்பக்கம் ஜம்மு தாவியிலிருந்து சியால்டா வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் அவற்றின் மேல் மோதியது. 212 பேர் இறந்தார்கள். முதல் காரணம், உடைந்த தண்டவாளம்.

அப்போது சியால்டா எனக்கு வெறும் பெயர். இப்போது பாலிகஞ்சிலிருந்து சில நிமிடப் பயணம். அந்த வண்டி வந்து சேர வேண்டிய நடைமேடைகளைத் தாண்டி எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன்.

கன்னா விபத்தை ஹைட்ரஜன் தலையில் கட்டுவது என் நோக்கமில்லை. தண்டவாளம் உடைய வழிகள் பல. பற்றவைத்த இணைப்பு பழுதாகலாம். சக்கரம் உரசும் மேல்புறத்தில் விரிசல் பிறக்கலாம். இங்கிலாந்தில் 2000ல் ஹாட்ஃபீல்டில் நடந்தது அந்த வகை. குளிர்கால விடிகாலையில் நீளத் தண்டவாளம் சுருங்க முடியாமல் இழுபடும்போது, எந்த விரிசலுக்கும் அதுதான் கடைசிச் சொட்டு. நான் சொல்ல வருவது, காரணம் எதுவானாலும் தண்டவாளத்தின் உள்ளே இருப்பதைப் பற்றி நாடு அதன் பிறகு அதிகம் கேட்கத் தொடங்கியது.

பி.காம். காரன் கண்ணில் பட்டது வேறு. ரயில்வேயில் தேய்மான நிதி என்று ஒன்று உண்டு. பழைய தண்டவாளத்தை மாற்ற வருடா வருடம் ஒதுக்க வேண்டிய பணம். கையில் காசில்லாத வருடங்களில் முதலில் குறைவது அதுதான். குறைத்தால் அந்த வருடக் கணக்கு அழகாக இருக்கும், ஒரு தண்டவாளமும் அன்றைக்கே உடையாது. நீதிபதி எச். ஆர். கன்னா தலைமையில் 1998ல் அமைந்த பாதுகாப்புக் குழு (ஊர்ப் பெயரும் அவர் பெயரும் ஒன்றானது தற்செயல்) இந்தப் பாக்கியை ஒரே மூச்சில் தீர்க்கச் சொன்னது. 2001 அக்டோபரில் 17,000 கோடி ரூபாயில் சிறப்பு ரயில்வே பாதுகாப்பு நிதி பிறந்தது. அதில் 5,000 கோடி நம் டிக்கெட்டில் வசூலித்த பாதுகாப்பு வரி. வயதான தண்டவாளங்கள், பாலங்கள், சிக்னல்கள் மாறின.

பிலாயிலும் நூற்றாண்டு திரும்பும் சமயத்தில் தண்டவாள உருக்குக்கு ஆர்.எச். வாயு நீக்கி வந்தது. லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி நிறுவனத்தின் 2009ம் ஆண்டு தண்டவாள விதிப்படி, உருகிய உருக்கில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 1.6 பங்குக்கு மேல் போகக்கூடாது. அதாவது டன்னுக்கு 1.6 கிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீட்டருக்கு 60 கிலோ தண்டவாளம், 13 மீட்டர் நீளம், மொத்தம் 780 கிலோ. அதற்குள் ஏறத்தாழ ஒன்றேகால் கிராம் ஹைட்ரஜன். அதுதான் எல்லை. இன்னொரு கிராம் சேர்ந்தால் டன்னுக்கு மூன்று கிராமை நெருங்கிவிடும். முக்கால் டன் உருக்கின் ஆயுள் ஒரு கிராம் வாயுவின் கையில்!

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப்.பில் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள். ஹரியானாவில் ஜிந்த்–சோனிபட் பாதைக்கான வண்டி. நூறு வருடம் தண்டவாளத்திலிருந்து விரட்டிய விருந்தாளியை இப்போது வண்டிக்குள்ளேயே உட்கார வைக்கிறோம். நல்லதுதான், புகை இல்லை. ஆனால் ஹைட்ரஜன் கொண்டுபோகும் உருக்குக் குழாய்களில் அழுத்தம் தினமும் ஏறி இறங்கும், அதுவும் மெதுவாக. மேலே சொன்ன வேடிக்கை நினைவிருக்கிறதா? குழாய்க்கு எந்த உருக்கு, எவ்வளவு தடிமன், எத்தனை நாளுக்கு ஒரு சோதனை என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க வேண்டும். அந்தக் கணக்கு யாரோ ஒருவர் மேஜைக்குச் செலவாகத்தான் வந்து சேரும். உற்பத்தியைக் கூட்டாத செலவாக.

பெரியவருக்குத் தவணையைத் தள்ளிக் கொடுத்தோம். ஓவனுக்குத் தனிக் கடன் போட்டேன். குறிப்பில் காரணம் எழுத வேண்டிய இடத்தில், "முன்பு நீக்கியது என் தவறு" என்று எழுதினேன். மேலதிகாரி அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை.

போன வாரம் பிஜோன் சேது மேலிருந்து பார்த்தேன். பனிமூட்டத்தில் இரண்டு பேர் ஒரு சின்னத் தள்ளுவண்டியைத் தண்டவாளத்தின் மேல் மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்கள். கேளா ஒலியை உள்ளே செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியில் விரிசல் தேடும் கருவி அது. ஒரு இடத்தில் நின்றார்கள், கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி பார்த்தார்கள். ஒருவர் குனிந்து பெயிண்டில் ஒரு குறி போட்டார். ஒரு நிமிட வேலை. பிறகு மேலே போனார்கள்.

அந்தக் குறியைத் தாண்டித்தான் நான் தினமும் ஆபீஸ் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிளாக் எடுத்து அந்தத் துண்டை மாற்றியிருக்கிறார்கள். புதுத் தண்டவாளம், இன்னும் மேல்புறம் பளபளப்பு ஏறவில்லை.